ஒட்டுக்கேட்பவர் இருக்கும் தடத்தில் இரகசியம் உருவாக்குவது எப்படி

இணையத்தில் நாம் அன்றாடம் நம்பியிருக்கும் மறையாக்க முறைகளில் பெரும்பாலானவை, ஒரு கணக்கைத் தீர்க்கும் அளவுக்கு எதிராளியிடம் கணினித்திறன் இருக்காது என்ற அனுமானத்தின் மேல் நிற்கின்றன. ஆர்எஸ்ஏ முறை, பெரிய எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதை நம்பியிருக்கிறது. போதிய அளவு பெரிய குவாண்டம் கணினிக்கு அந்தக் கணக்கு எளிது என்பதைப் பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டிவிட்டார். ஆகவே இன்று தடத்தில் செல்லும் செய்திகளைப் பொறுமையாகப் பதிவு செய்து வைப்பவர், பின்னொரு நாளில் அவற்றைப் படித்துவிடக்கூடும். தகவல் கோட்பாட்டின் வழியே பெறும் பாதுகாப்புக்கு இந்தக் கவலை கிடையாது. எதிராளியின் கையில் சிக்கியவற்றுள் இரகசியத்தைப் பற்றிய தகவலே இல்லை என்பது அங்கே நிறுவப்படுகிறது. இல்லாத தகவலை எந்தக் கணினியாலும் வெளிக்கொணர முடியாது.

அத்தகைய பாதுகாப்பை எண்களோடு கட்டியெழுப்பும் வழியை இந்தக் கட்டுரை விளக்குகிறது. எக்ஸ்-ஆர் செயலும் (இரு பிட்கள் வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0) அடிப்படை நிகழ்தகவும் தெரிந்திருந்தால் போதும். தொடக்கம் முதல் முடிவு வரை செய்ய வேண்டிய வேலை உண்மையில் ஒன்றுதான்: ஒட்டுக்கேட்பவர் அறியாதது எத்தனை பிட் என்று கணக்கு வைத்து, நாம் வெளிப்படையாகப் பேசும் ஒவ்வொரு பிட்டையும் அந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டே வருவது. கணக்கில் மிஞ்சுவதே இரகசியம். அனுப்புபவரை அமுதா என்றும் பெறுபவரைப் பாலன் என்றும் அழைப்போம்.

ஒருமுறைச் சாவியும் அதன் விலையும்

கடைசியில் நாம் வந்து சேர வேண்டிய இடத்தை முதலில் பார்த்துவிடலாம். செய்தியின் நீளத்துக்குச் சமமான நீளமுள்ள, முற்றிலும் சமவாய்ப்புள்ள (ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1 ஆகச் சம வாய்ப்போடு வரும்) சாவி ஒன்றை இருவரும் வைத்திருந்தால், செய்தியையும் சாவியையும் பிட் பிட்டாக எக்ஸ்-ஆர் செய்து அனுப்பினால் போதும். கில்பர்ட் வெர்னம் 1917இல் தந்தி எந்திரத்துக்காக வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. இதன் முழுமையான பாதுகாப்பை நிறுவிய கிளாட் ஷானனின் ஆய்வுரை 1949இல் வெளியாயிற்று. சாவியின் என்ட்ரோபி (அதைப் பற்றிய அறியாமையைப் பிட்டில் சொல்லும் அளவு), செய்தியின் என்ட்ரோபிக்குக் குறையாமல் இருந்தாலன்றி முழுமையான இரகசியம் இயலாது என்ற கடுமையான நிபந்தனையையும் அவர் அதே ஆய்வுரையில் நிறுவினார்.

சாவியின் ஒரு பகுதியைக்கூட இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. அப்படிப் பயன்படுத்தினால், இரண்டு மறைசெய்திகளையும் எக்ஸ்-ஆர் செய்யும்போது சாவி மறைந்து, இரண்டு மூலச் செய்திகளின் எக்ஸ்-ஆர் எஞ்சி நிற்கும். மொழியின் இயல்பான ஒழுங்குகளைக் கொண்டு அவற்றைப் பிரித்தெடுக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் ஒன்றியம் அச்சிட்ட ஒருமுறைச் சாவிப் பக்கங்களில் பல ஆயிரம் இரட்டித்துப் போயின. அந்த ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்க இராணுவத்தின் ஆர்லிங்டன் ஹால் மையம் 1943இல் தொடங்கிய வெனோனா திட்டத்தில் ஏராளமான செய்திகளை ஓரளவாவது படிக்க முடிந்தது.

சாவி உருவாகும் விதமும் அதே அளவு முக்கியம். இயங்குதளம் தரும் சமவாய்ப்பு எண்கள் அன்றாடப் பயன்பாட்டுக்கு மிக நல்லவை. ஆனால் லினக்ஸ் போன்ற தளங்களில் அவை ஒரு சிறு விதையைச் சாச்சா20 போன்ற முறையால் நீட்டிப் பெறப்படுபவை. அந்த வழியில் வந்த சாவியின் பாதுகாப்பு மறுபடியும் எதிராளியின் கணினித்திறனைச் சார்ந்ததாகிவிடும். டையோடு இரைச்சல் போன்ற இயற்பியல் மூலத்திலிருந்து, அதன் சாய்வை நீக்கிப் பெற்ற பிட்களே இங்கே பொருந்தும்.

ஏழு பிட்டுக்குள் மூன்று பிட்டை ஒளித்தல்

முன்கூட்டிய சாவி எதுவுமின்றி, எதிராளியின் காதுக்கு எட்டாத பகுதியைக் கொண்டே இரகசியம் அனுப்ப முடியுமா என்ற கேள்விக்கு ஆரன் வைனர் 1975இல் விடை தந்தார். எதிராளியின் தடம் பெறுபவரின் தடத்தைவிட இரைச்சல் மிகுந்ததாக இருந்தால் முடியும். 1984இல் ஒசரோவும் வைனரும் ஆராய்ந்த வடிவத்தில், பெறுபவருக்கு எல்லாப் பிட்களும் சரியாகக் கிடைக்கின்றன. ஒட்டுக்கேட்பவரோ தாம் விரும்பும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இடங்களை மட்டும் பார்க்க முடியும். இதைக் காகிதத்திலேயே செய்து பார்க்கலாம். செய்து பார்க்க வேண்டும் என்றும் சொல்வேன், ஏனெனில் பின்னால் வரும் எல்லாவற்றின் கருவும் இதில் இருக்கிறது.

ஏழு இடங்களை 1 முதல் 7 வரை எண்ணிட்டுக்கொள்ளுங்கள். அனுப்ப வேண்டிய மூன்று பிட் இரகசியத்தை 0 முதல் 7 வரையான எண்ணாக எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது 5. முதலில் ஏழு இடங்களையும் சமவாய்ப்புப் பிட்களால் நிரப்புங்கள்: 1 0 1 1 0 0 1 என்று வந்ததாகக் கொள்வோம். 1 இருக்கும் இடங்களான 1, 3, 4, 7 ஆகிய எண்களை இரும வடிவில் எக்ஸ்-ஆர் செய்தால் 1 கிடைக்கும். கிடைத்த 1ஐயும் இரகசியமான 5ஐயும் எக்ஸ்-ஆர் செய்தால் 4. ஆகவே நான்காம் இடத்துப் பிட்டை மாற்றிவிடுங்கள். விடை 0 ஆக வந்திருந்தால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இப்போது அனுப்பப்படுவது 1 0 1 0 0 0 1. பாலன் 1 இருக்கும் இடங்களான 1, 3, 7 ஆகியவற்றை எக்ஸ்-ஆர் செய்கிறார், 5 வந்துவிடுகிறது.

இது ஒரு பிட் பிழையைத் திருத்தும் ஹாமிங் குறியீட்டைத் தலைகீழாகப் பயன்படுத்துவதாகும். பிழையைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளத்தையே செய்தியாக்கி, மற்ற நான்கு பிட் அளவு சமவாய்ப்பை வேண்டுமென்றே கலக்கிறோம். எந்த மூன்று இடங்களைப் பார்த்தாலும் ஒட்டுக்கேட்பவருக்கு ஒரு துளித் தகவலும் கிடைக்காது. நான்கு இடங்களைப் பார்த்தால், இருக்கக்கூடிய 35 தேர்வுகளில் 28இல் அப்போதும் ஒன்றும் தெரியாது. மீதி 7இல் மட்டும் சரியாக ஒரு பிட் வெளிப்படும். அனுப்புபவர் தாமே சேர்க்கும் சமவாய்ப்புதான் எதிராளியின் கண்ணை நிரப்பிவிடுகிறது என்பதை இங்கே கவனியுங்கள். அதைச் சேர்க்காமல், பிழைதிருத்தம் மட்டும் செய்து அனுப்பும் குறியீடு இரகசியத்தைக் காக்காது.

எதிராளிக்கு நம்மைவிட நன்றாகக் கேட்டால்

வைனரின் வழிக்கு ஒரு வரம்பு உண்டு. பாலனுக்கு வரும் பிட்கள் 20 விழுக்காடு பிழையோடும், ஒட்டுக்கேட்பவருக்கு வருபவை 15 விழுக்காடு பிழையோடும் வருகின்றன என்று வையுங்கள். ஒரு பிட்டைப் பற்றிய பாலனின் அறியாமை, அதாவது என்ட்ரோபி, 0.722 பிட், ஒட்டுக்கேட்பவரின் அறியாமை 0.610 பிட் மட்டுமே. ஒருவழித் தடத்தில் இந்த நிலையில் இரகசியக் கொள்ளளவு (இரகசியமாக அனுப்பக்கூடிய அளவு) சுழியம். ஆனால் இருவரும் வெளிப்படையாக, எதிராளியின் காதுபடவே, பேசிக்கொள்ளலாம் என்றால் நிலைமை மாறும் என்பதை உயெலி மாரர் 1993இல் காட்டினார். அவர் முன்வைத்த காட்சியில், ஒரு செயற்கைக்கோள் வலுவற்ற சமிக்ஞையாகச் சமவாய்ப்புப் பிட்களை ஒலிபரப்புகிறது. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் அது தனித்தனிப் பிழைகளோடு போய்ச் சேர்கிறது. என் கருத்தில் இத்துறையின் மிக அழகான முடிவு இதுதான். ஆகவே இதைச் செய்யும் முறையை மட்டும் சற்று விரித்து எழுதுகிறேன்.

கணக்கை எளிமையாக்க, அமுதாவிடம் சரியான பிட்கள் இருப்பதாகவும், பாலனுக்கும் ஒட்டுக்கேட்பவருக்கும் நேரும் பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்றும் கொள்வோம். மாதிரிக்காகச் சில ஆயிரம் பிட்களை வெளிப்படையாக ஒப்பிட்டுப் பாலனின் பிழைவீதத்தை அளந்து, அவற்றை எறிந்துவிட்ட பிறகு, 10 லட்சம் பிட்கள் மீதமிருக்கின்றன.

தொடங்குமுன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வெளிப்படையான உரையாடலை எதிராளி கேட்கலாம், மாற்றக் கூடாது. மாற்ற முடிந்தால் அவர் நடுவில் நின்று இருவரிடமும் தனித்தனியே சாவி செய்துகொள்வார். கார்ட்டரும் வெக்மனும் வகுத்த பொது ஹாஷ் சார்புகள் (நீண்ட தரவைக் குறுகிய மதிப்பாகச் சுருக்குபவை) இதற்குக் கணினித்திறனைச் சாராத தீர்வைத் தருகின்றன. உரையாடல் முழுவதையும் 128 பிட் துண்டுகளாக்கி, அவற்றைக் குணகங்களாகக் கொண்ட பல்லுறுப்புக்கோவையை இரகசியமான ஒரு புள்ளியில் மதிப்பிட்டு, விடையை ஒருமுறைச் சாவியின் 128 பிட்களால் மறைத்து அனுப்ப வேண்டும். ஏறத்தாழ 15 லட்சம் பிட் உரையாடலில் சுமார் 11,700 துண்டுகள் இருக்கும். போலி உரையாடல் பிடிபடாமல் போகும் வாய்ப்பு 2இன் 114ஆம் அடுக்கில் ஒரு பங்கைத் தாண்டாது. இதற்குச் சில நூறு பிட் இரகசியம் முன்பே நேரில் பகிரப்பட்டிருக்க வேண்டும். அதைத் தவிர்க்க வழியில்லை. சிறு இரகசியத்தைப் பெரிய இரகசியமாக வளர்க்கிறோம் என்றே இந்த வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி முதல் வேலை, சாதகத்தைப் பிரித்தெடுப்பது. பிட்களை இரண்டிரண்டாக இணையுங்கள். ஒவ்வோர் இணைக்கும் இரு பிட்களின் எக்ஸ்-ஆர் மதிப்பை அமுதா அறிவிக்கிறார். பாலன் தம் இணையின் மதிப்பு அதோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்று மட்டும் சொல்கிறார். ஒத்துப்போகாத இணைகளை இருவரும் எறிந்துவிட்டு, ஒத்துப்போனவற்றின் முதல் பிட்டை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் சரியாக இருக்கும் வாய்ப்பு 0.64, இரண்டும் பிழையாக இருக்கும் வாய்ப்பு 0.04, ஆகவே 5 லட்சம் இணைகளில் சுமார் 3,40,000 தேறும். தேறியவற்றில் பாலனின் பிழைவீதம் 0.04ஐ 0.68ஆல் வகுத்தால் வருவது, அதாவது 5.9 விழுக்காடு. அவருடைய அறியாமை 0.722இலிருந்து 0.323 பிட்டாக இறங்கிவிட்டது.

ஒட்டுக்கேட்பவருக்கும் அந்த அறிவிப்பு கேட்டது. அதைக் கொண்டு அவருக்கு ஒரே பிட்டைப் பற்றி இரண்டு சாட்சியங்கள் கிடைக்கின்றன. 74.5 விழுக்காடு இடங்களில் இரண்டும் ஒன்றுபடும். அங்கே அவருடைய பிழை 3 விழுக்காடுதான். ஆனால் மீதி 25.5 விழுக்காடு இடங்களில் இரண்டும் முரண்படும். அங்கே அவருக்கு ஒன்றுமே தெரியாது. சராசரியாக அவருடைய அறியாமை 0.401 பிட். பாலனும் இதே போன்ற முரண்பாடுகளைச் சந்தித்தவர்தான்; ஆனால் அவர் வாயைத் திறந்து அந்த இணைகளை எறியச் சொல்ல முடிந்தது. எறியச் சொல்லும் அந்த உரிமை ஒட்டுக்கேட்பவருக்கு இல்லாமையே தராசைப் புரட்டிவிட்டது. பாலனின் தடம் இன்னும் மோசமாக இருந்தால் இதே வேலையை இரண்டாம் சுற்றும் செய்யலாம். ஒவ்வொரு சுற்றிலும் பாதிக்கு மேல் பிட்கள் இழக்கப்படும் என்பதால் தேவைக்கு மேல் செய்யக் கூடாது.

அடுத்தது பிழைகளைச் சமன்செய்வது. 3,40,000 பிட்களில் ஏறக்குறைய 20,000 இடங்களில் பாலன் அமுதாவிடமிருந்து வேறுபடுகிறார். பிராசாரும் சால்வேயும் 1993இல் தந்த கேஸ்கேட் முறை இதற்கு எளியது. ஒரு தொகுதியில் உள்ள 1களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதைப் பாரிட்டி என்பர். 0.73ஐப் பிழைவீதத்தால் வகுத்து வரும் நீளத்துக்கு, இங்கே 12 பிட்டுக்கு, தொகுதிகளை வெட்டிப் பாரிட்டிகளை ஒப்பிட வேண்டும். வேறுபடும் தொகுதியைப் பாதி பாதியாகப் பிரித்துப் பிழையான இடத்தைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். பிறகு பிட்களைக் கலைத்துப்போட்டு, தொகுதி நீளத்தை இரட்டித்து, மீண்டும் செய்ய வேண்டும். புதிதாக ஒரு பிழை திருத்தப்படும்போது அது இடம்பெற்றிருந்த பழைய தொகுதியில் ஒளிந்திருந்த இன்னொரு பிழை வெளிப்படும். நான்கு சுற்றுகள் வழக்கம். எல்லாம் முடிந்தபின் ஒரு சிறு ஹாஷை ஒப்பிட்டு இருவரிடமும் இருப்பது ஒன்றே என்று உறுதிசெய்யுங்கள்.

வெளியிட்ட ஒவ்வொரு பாரிட்டியும் கணக்கில் ஒரு பிட் கழிவு. கொள்கையளவில் குறைந்தது 1,09,700 பிட்கள் வெளிப்பட்டாக வேண்டும், நடைமுறையில் 1.1 மடங்கு என்று வைத்தால் 1,20,700. ஒட்டுக்கேட்பவரின் மொத்த அறியாமை 1,36,200 பிட். மீதி 15,500. இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். 0.401 என்பது சராசரி. இன்று, இந்தப் பிட்களில், எதிராளிக்கு அதிர்ஷ்டம் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கலாம். இந்த எண்ணிக்கையில் அறியாமையின் திட்டவிலக்கம் சுமார் 480 பிட். அதிர்ஷ்டத்துக்கு இடம் விடாமல் ஏழு திட்டவிலக்கங்களைக் கழித்தால் 3,340 போய், ஏறத்தாழ 12,160 மிஞ்சும். பிட்களின் எண்ணிக்கை குறையக் குறைய இந்தக் கழிவின் பங்கு பெருகும். சில ஆயிரம் பிட்களோடு தொடங்கினால் மிச்சமே இராது.

மூன்றாவது, இரகசியத்தைச் செறிவாக்குவது. இப்போது இருவரிடமும் ஒரே 3,40,000 பிட்கள் இருக்கின்றன. எதிராளி அவற்றைப் பற்றி நிறையவே அறிவார், ஆனால் முழுவதும் அறியார். அந்த அறியாமை எந்தெந்தப் பிட்களில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பென்னட், பிராசார், ராபர்ட் ஆகியோர் 1988இல் வெளியிட்ட வழிப்படி, பொது ஹாஷ் குடும்பத்திலிருந்து ஒரு சார்பைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுத்து அதை வெளிப்படையாகவே அறிவித்து, நீண்ட சரத்தைச் சுருக்கினால் போதும். டோப்ளிட்ஸ் அணி இதற்கு வசதியானது: மூலைவிட்டங்கள் தோறும் ஒரே மதிப்பு என்பதால், 12,000 வரிசையும் 3,40,000 நிரலும் உள்ள அணியை 3,51,999 சமவாய்ப்புப் பிட்களால் முழுமையாகக் குறிப்பிடலாம், விரைவு ஃபூரியே உருமாற்றத்தால் பெருக்கலும் வேகமாக முடியும். விடையாக வரும் 12,000 பிட்களைப் பற்றி எதிராளிக்குத் தெரிந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த ‘ஏறக்குறைய’ என்பதை 2இன் 40ஆம் அடுக்கில் ஒரு பங்குக்குக் கீழே வைக்க விரும்பினால் இன்னும் 80 பிட்களைக் கழிக்க வேண்டும். 12,160இலிருந்து 12,000க்கு இறங்கியதில் அது அடங்கிவிட்டது. அணியின் பிட்களை முந்தைய வேலைகள் எல்லாம் முடிந்த பின்னரே அறிவிக்க வேண்டும். முன்பே தெரிந்திருந்தால் எதிராளி தாம் எதைச் சேகரிக்க வேண்டும் என்பதை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்.

அந்த 15 விழுக்காட்டை எங்கிருந்து பெற்றோம்

பாலனின் பிழைவீதத்தை மாதிரி எடுத்து அளக்கலாம். ஒட்டுக்கேட்பவரின் பிழைவீதத்தை அளக்க அவர் நம்மிடம் வந்து நிற்கப் போவதில்லை. மேலே உள்ள கணக்கு முழுவதும் அந்த ஓர் எண்ணின் மேல் நிற்கிறது என்பதால், செயல்படுத்துபவர் தம் நேரத்தில் பெரும்பகுதியை இங்கேதான் செலவிட வேண்டும். எதிராளிக்கு எவ்வளவு பெரிய ஆன்டெனா இருக்கலாம், எவ்வளவு அருகில் வரலாம், எத்தனை இடங்களில் கேட்டு அவற்றைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று எழுதி வைத்து, அவற்றுள் மிக மோசமானதற்கு ஏற்ற பிழைவீதத்தையே கணக்கில் எடுக்க வேண்டும்.

வானொலித் தடத்தில் இரு முனைகளுக்கும் இடையே சமிக்ஞை ஏறி இறங்கும் விதம் இரு திசையிலும் ஒன்றாக இருப்பதால், அதையே பொதுச் சமவாய்ப்பாகப் பயன்படுத்தும் வழியும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ.; எதிரொலிகள் நிறைந்த இடத்தில் அதில் பாதித் தொலைவுக்கு அப்பால் இருப்பவர் வேறு விதமான ஏற்ற இறக்கத்தைக் காண்பார் என்பது அதன் அடிப்படை. ஆனால் இரு முனைகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் திறந்தவெளியில் இது நிற்காது. எதுவும் அசையாத அறையில் என்ட்ரோபியே பிறக்காது. நடுவில் நடந்து சமிக்ஞையை மறைத்துத் திறப்பவர், வரப்போகும் பிட்களைத் தாமே உருவாக்கிவிடவும் முடியும். இத்தகைய அமைப்பில் அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் கழித்தாக வேண்டும்.

எதிராளியின் அறியாமையை அனுமானிக்காமல் அளந்தே பெற வேண்டும் என்றால் அதற்கு இன்று தெரிந்த வழி குவாண்டம் சாவிப் பகிர்வு. பென்னட்டும் பிராசாரும் 1984இல் வகுத்த முறையில், ஒளித்துகள்களை இடைமறித்து அளந்து மீண்டும் அனுப்புபவர் தாம் தொட்ட, வைத்துக்கொள்ளப்பட்ட பிட்களில் சராசரியாக 25 விழுக்காடு பிழையை விட்டுச் செல்வார். ஆகவே அமுதாவும் பாலனும் தம்மிடையே காணும் பிழையிலிருந்தே எதிராளி அதிகபட்சம் எவ்வளவு அறிந்திருக்கலாம் என்று சொல்லிவிட முடியும். அதன்பின் செய்வது மேலே கண்ட அதே சமன்செய்தலும் அதே செறிவாக்கலும்தான்.

கிடைத்த சாவியைச் செலவிடுதல்

12,000 பிட்கள் கைக்கு வந்ததும், செய்தி எழுதுவதற்கு முன் அடுத்த சுற்றின் சரிபார்ப்புக்கான சில நூறு பிட்களைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். மறந்தால் மீண்டும் நேரில் சந்தித்துச் சாவி பரிமாற வேண்டி வரும். செய்தியோடு செல்லும் சரிபார்ப்புக் குறிக்கும் 128 பிட் வேண்டும், ஏனெனில் ஒருமுறைச் சாவி செய்தியை மறைக்குமே தவிர மாற்றப்படாமல் காக்காது. மறைசெய்தியின் ஒரு பிட்டைப் புரட்டினால் மூலச் செய்தியின் அதே பிட் புரளும். மீதி ஏறத்தாழ 1,400 பைட். யுடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும், ‘கி’ போன்ற உயிர்மெய் இரண்டு குறிகளாக 6 பைட் எடுக்கும் என்பதால், அதில் ஒரு சிறு கடிதமே அடங்கும். அனுப்புமுன் செய்தியைச் சுருக்கிக்கொள்வது நல்லது. சுருக்கியபின் எல்லாச் செய்திகளையும் ஒரே நீளத்துக்கு நிரப்பி அனுப்புங்கள், இல்லையேல் நீளமே எதிராளியிடம் பேசும். பயன்படுத்திய பிட்களை இரு முனைகளிலும் உடனே அழித்து, சாவியில் எந்த இடம் வரை செலவாகியிருக்கிறது என்ற குறிப்பைச் செய்தி தடத்தில் ஏறுவதற்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். நடுவில் மின்சாரம் நின்று கணினி மறுபடி தொடங்கும்போது, அதே பிட்கள் இரண்டாம் முறை வெளியே போகாமல் தடுப்பது அந்தப் பதிவுதான்.